இளநீர்க் கடையின் பின்புலம்

பாளையங்கோட்டை
16.4.2023

அன்புத் தம்பி பகலவனுக்கு,

அண்ணன் புகழேந்தி எழுதும் மடல். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நலமில்லை என்று எழுதினால் உறங்கமாட்டாய். ஆகவே உயிரோடிருக்கிறேன் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும் உன் துணைவி கலைமகளும் என் மகள் நிலாவும் நலந்தானா?

நீ ஒளிப்படக் கருவி வாங்கிய செய்தி படித்தேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தஞ்சையின் தெருத்தெருவாக நடந்து மின் அளவிகளின் எண்களை மட்டுமே படித்த கண்களுக்கு, ஐம்பது அகவையில் வேறொன்றைப் பார்க்கும் ஆசை வந்ததில் வியப்பில்லை. மாதம் ஒரு படம் எனக்கு அனுப்பு. பெரிய கோயிலை அனுப்பாதே. அது ஆயிரம் ஆண்டு நின்றது, நான் வரும்வரை நிற்கும். மாறுவதை அனுப்பு. மனிதர்களை அனுப்பு.

என்னை நேரில் வந்து பார்க்காதே என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. சிறைத் தொலைபேசியையும் நான் தொடுவதில்லை. பதினோராண்டுக்கு முன் திருத்துறைப்பூண்டி மேடையில் நின்றேன். வாய்க்காலை மறித்து மதில் எழுப்பிய அரிசி ஆலையைச் சுட்டிக்காட்டி, "பொழுது விடியும்போது அது அங்கே நிற்கலாமா?" என்று கேட்டேன். ஆயிரம் பேர் "நிற்கக்கூடாது" என்றார்கள். விடியும்போது அது நிற்கவில்லை. உள்ளே படுத்திருந்த காவலாளி சாமிதுரையும் எழவில்லை. தீக்குச்சியை நான் தொட்டதில்லை. என் குரல் தொட்டது. எழுத்தை அடிக்கலாம், திருத்தலாம், கிழித்தெறியலாம். குரலை என்ன செய்வது? அன்றே பூட்டிவிட்டேன்.

ஒரே ஒரு முறை திறப்பதற்காகச் சாவியை வைத்திருக்கிறேன். அது உனக்குத் தெரியும். தீ வளர்க்காமல், தமிழால் மட்டுமே நானூறு திருமணங்களை நடத்திவைத்த வாய் இது. தாயில்லாத என் மகளின் திருமணத்தில் ஒரு வாழ்த்துரை சொல்லாமல் அது மண்ணுக்குள் போகக்கூடாது. நிலாவுக்கு இருபத்துநான்கு ஆகிறது. மகள் திருமணத்துக்குப் பதினைந்து நாள் விடுப்பு உண்டு. அச்சிட்ட அழைப்பிதழை மனுவோடு இணைத்தால்தான் ஏற்பார்கள். இடம் அமைந்து நாள் குறித்தவுடன், முதல் அழைப்பிதழ் எனக்கு வரவேண்டும்.

அத்தோடு நிலாவின் படம் ஒன்றும் வேண்டும். அவளை நான் பார்த்து ஏழாண்டாகிறது. வளர்ந்த முகம் எனக்குத் தெரியாது.

மறுமொழிக்குக் காத்திருக்கும்,
அண்ணன் புகழேந்தி


தஞ்சாவூர்
9.5.2023

பெருமதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி பகலவன் வணங்கி எழுதுவது. இங்கு நாங்கள் நலம். வெயில்தான் ஆளைத் தின்கிறது. தங்களுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பினால் உள்ளே விடுவார்களா என்று எழுதுங்கள்.

கேமரா வாங்கிய மூன்றாம் மாதமே அதைப் பழுதுபார்க்கக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. நம்மூர்க் காற்றின் ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். கடைக்காரர் மீரா உசேன் கருவியைத் திறந்து பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க சார் வச்சிருந்தீங்க இத?"

"அரிசிப் பானையில பாய். ஈரத்த இழுக்கும்னு..."

"செல்போனு தண்ணியில விழுந்தா பாக்குற வைத்தியம் சார் அது! உள்ள பாருங்க, பூராத் தவிடு. என்ன அரிசி, பொன்னியா?"

"பொன்னிதான்."

"அதான் லென்சு நல்லா வெளஞ்சிருக்கு. அடுத்த போகத்துக்கு வாங்க, அறுத்துக்கலாம்."

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஆனாலும் பொறுமையாகத் துடைத்துக் கொடுத்தார். இப்போது செருப்புப் பெட்டிகளுக்குள் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைத் தேடித்தேடிச் சேர்த்து, கருவியோடு ஒரு டப்பாவில் மூடி வைக்கிறேன்.

இத்துடன் உள்ள படம் கரந்தையில் துணி தேய்ப்பவர். கரியை ஊதும்போது எடுத்தேன். ஐம்பது என்று எண்ணிட்ட வில்லை. மனித முகத்துக்கு அதுதான் சிறந்தது என்கிறார் மீரா உசேன்.

நிலா நலம். பள்ளியில் வேலை பார்க்கிறாள். எட்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

வெயிலில் நிற்காதீர்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
பகலவன்


பாளையங்கோட்டை
28.5.2023

அன்புத் தம்பிக்கு,

உன் நலம் அறிந்தேன். என் முழங்கால் என்னைவிட முதிர்ந்துவிட்டது, மற்றபடி குறைவில்லை. தைலம் வேண்டா.

படம் கண்டேன். தேய்ப்பவரின் கன்னத்தில் ஓடும் நரம்புகூடத் தெரிகிறது. ஆனால் தம்பி, அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? பச்சையாக ஒரு கரைசல், மஞ்சளாக ஒரு கரைசல். அது மரமா, சுவரா, மாடா? கரந்தையின் எந்தத் தெரு அது? ஒரு முகத்தைக் காட்டிவிட்டு உலகத்தை அழித்துவிட்டாய். முகங்கள் எனக்கு இங்கே நிறைய உண்டு. இல்லாதது பின்னால் இருப்பதுதான். கடைப் பலகை, சுவரொட்டி, கொடிக்கம்பம், யார் வீட்டு மாடியிலோ காயும் சேலை. அதைக் காட்டு.

என் மகளைப் பற்றி ஒன்றரை வரி எழுதியிருக்கிறாய். படம் இல்லை. இடம் பார்க்கிறீர்களா, இல்லையா? நான் மேடையில் கேள்வி கேட்டால் மறுமொழி வரும். உன்னிடம் வரவில்லை.

கலைமகளுக்கு என் அன்பு.

அண்ணன் புகழேந்தி


தஞ்சாவூர்
22.6.2023

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருக்க விழைகிறேன்.

மேட்டூர் திறந்து புதுஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சனம் வேடிக்கை பார்க்கிறது. கடைமடைக்குப் போய்ச் சேருமா என்பதை ஆடியில்தான் சொல்ல முடியும்.

படத்தின் பின்புலம் கரைந்துபோவதன் காரணத்தைச் சொல்கிறேன். வில்லைக்குள் ஒரு துளை இருக்கிறது. அதை அகலத் திறந்தால் நாம் குறிவைத்தது மட்டும் தெளியும். முன்னும் பின்னும் கரைந்துவிடும். துளையைச் சுருக்கினால் எல்லாமே தெளியும். ஆனால் வெளிச்சம் குறையும், கை நடுங்கும், கருவியை நிறுத்த முக்காலி வேண்டும். எனக்குத் திறந்த துளையே பழகிவிட்டது. தெருவில் எவ்வளவு குப்பை இருந்தாலும் படத்தில் வராது.

சென்ற வாரம் மகர்நோன்புச்சாவடியில் அளவி படிக்கப் போனபோது கழுத்தில் கருவி தொங்கியது. ரஹ்மத் பீவி என்று ஒரு மூதாட்டி என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கரண்டு பில்லுக்கு இப்ப போட்டோ வேற புடிக்கிறீங்களா?"

"இல்லம்மா, இது சும்மா, என்னோடது."

"இரு இரு, சீல மாத்திட்டு வர்றேன். நல்லா விழுந்தா பில்லக் கொறைப்பாங்களா?"

நீலச் சேலை கட்டிவந்து அளவிப் பெட்டியின் அருகே கம்பீரமாக உட்கார்ந்துகொண்டார். அந்தப் படத்தை இணைத்துள்ளேன்.

நிலாவுக்குப் படம் எடுத்துக்கொள்வது பிடிக்காது அண்ணா. கருவியைத் தூக்கினாலே எழுந்து போய்விடுகிறாள். வற்புறுத்த மனமில்லை.

உடல்நலம் பேணுங்கள்.

பகலவன்


பாளையங்கோட்டை
10.7.2023

அன்புத் தம்பிக்கு,

நலம். நலம் என்று இன்று நெஞ்சறிய எழுதுகிறேன்.

முன்விடுதலைக்குப் பரிசீலிக்கப்படுவோர் பட்டியலில் என் பெயர் சேர்ந்திருக்கிறது. உடனே நடந்துவிடாது. ஆறேழு மாதம் ஆகலாம். நன்னடத்தை அலுவலர் ஒருவர் நம் வீட்டுக்கு வருவார். "இவர் வெளியே வந்தால் ஏற்றுக்கொள்வீர்களா?" என்று குடும்பத்தாரைக் கேட்பார். நீ 'ஆம்' என்று ஒப்பமிட வேண்டும். அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொங்குகிறது.

வாழ்த்துரை பதினான்கு பக்கம் வந்துவிட்டது. தொடக்கத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன்: "அவையோரே, இதுவரை நான் பேசிய மேடைகளில் எல்லாம் கைதட்டல் கேட்டேன். இந்த மேடையில் எனக்குக் கைதட்டல் வேண்டா. என் மகள் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும்." நன்றாக இருக்கிறதா? மிகையாக இருந்தால் சொல்.

ரஹ்மத் பீவியின் படத்தை இங்கே எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் அவருக்குப் பின்னாலும் மேகந்தான் இருக்கிறது. இந்த முறை எனக்காகத் துளையைச் சுருக்கு. முக்காலியை நிறுத்து. நகரின் நடுத்தெருவில், எல்லாம் தெரியும்படி ஒரு படம் எடு. நான் வெளியே வரும்போது வழி தெரியாமல் திகைக்கக்கூடாது அல்லவா?

மகளுக்கு என் முத்தம்.

அண்ணன் புகழேந்தி


தஞ்சாவூர்
2.9.2023

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். நலம். நலமறிய ஆவல். இத்தனை நாள் எழுதாததற்குப் பொறுத்தருள வேண்டும். ஆடி முழுதும் வேலைப்பளு. கருவியும் மூன்று வாரம் மீரா உசேன் கடையிலேயே கிடந்தது. படம் விழுத்தும் ஷட்டர் கதவு இறுகிக்கொண்டது என்றார். கலைமகளுக்கும் உடல்நலம் சரியில்லை; இப்போது தேறிவிட்டாள்.

தாங்கள் கேட்டபடியே எடுத்திருக்கிறேன். பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே, காலை ஏழு மணி, இளநீர் சீவுபவர். முக்காலியில் நிறுத்தி, துளையைப் பதினாறாம் எண்ணுக்குச் சுருக்கினேன். போவோர் வருவோர் எல்லாம் நில அளவைக்காரன் என்று நினைத்து, "எந்தப் பக்கம் சார் இடிக்கப் போறீங்க?" என்று கேட்டார்கள். இளநீர்க்காரர், "கடைய எடுக்கச் சொல்லிடாதீங்கண்ணே" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு இளநீரைக் கொடுத்துவிட்டார். படம் கழுவும் கடையில் வாங்கிய உடனே உறையில் இட்டு அனுப்புகிறேன். இதற்கு மேலும் தாமதித்தால் தாங்கள் வருந்துவீர்கள்.

முன்விடுதலைச் செய்தி அறிந்து மகிழ்ந்தோம். வாழ்த்துரையின் தொடக்கம் நன்றாக இருக்கிறது. மிகையில்லை.

நிலா நலம்.

பகலவன்


பாளையங்கோட்டை
14.9.2023

தம்பிக்கு,

உயிரோடிருக்கிறேன்.

உன் படம் வந்து ஆறு நாளாகிறது. முதல் மூன்று நாள் அந்தத் தெருவில் நான் நடந்தேன். இளநீர்க்காரரின் அரிவாளில் வெயில் பட்டதைப் பார்த்தேன். சீவிய மட்டையில் ஈ உட்கார்ந்திருக்கிறது. ஒரத்தநாடு செல்லும் பேருந்தின் பலகையைப் படித்தேன். மருந்துக்கடை வாசலில் ஒரு பெண் குடையை விரிக்க முயல்கிறாள்; விரியவில்லை. எத்தனை தெளிவு! "என் தம்பி எனக்காக எடுத்தது" என்று எங்கள் சிறைப்பகுதி முழுதும் காட்டினேன்.

நான்காம் நாள், நூலகப் பணியில் இருக்கும் ஜெய்னுலாபுதீன் தன் உருப்பெருக்கிக் கண்ணாடியை அதன் மேல் வைத்தார். இளநீர் வண்டிக்குப் பின்னால், மின்கம்பத்தை ஒட்டி, ஆளுயரத்துக்கு மேல் ஒரு விளம்பரத் தட்டி. 

"கல்யாண பேனருண்ணே. யாரு பெத்த புள்ளையோ, லட்சணமா இருக்குண்ணே" என்றார்.

நான் பெற்ற பிள்ளை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அறிவுச்செல்வன் – தமிழ்நிலா. ஆகத்து இருபத்தேழு, ஞாயிறு. பெயரைப் படிக்கும் முன்பே முகத்தை அறிந்தேன். அவள் தாய் செந்தாமரையின் நெற்றி அது. தட்டியின் கீழ்ப்பாதியில் மணமகனின் தோழர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து நிற்கிறார்கள். மேலே இரண்டு வட்டங்கள். நடுவில் ஒரு சுடர். 'நினைவில் வாழும்' என்று எழுதி, ஒரு வட்டத்தில் செந்தாமரை, இன்னொரு வட்டத்தில் நான்.

இருபதாண்டுக்குப் பிறகு அவள் பக்கத்தில் எனக்கு இடம் தந்திருக்கிறாய்.

மேடையில் என்றால் இந்த நேரத்தில் நூறு கேள்வி கேட்டிருப்பேன். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வட்டத்துக்குள் என் வாய் மூடியிருக்கிறது. நான் வாய்மூடி நின்ற படம் ஒன்றை நீ எப்போது எடுத்தாய்?

புகழேந்தி


பாளையங்கோட்டை
20.10.2023

தம்பிக்கு,

நலம் கேட்கும் வழக்கத்தை விட மனம் ஒப்பவில்லை. நலமா?

ஐந்து வாரம் ஆகிறது. அஞ்சல் வழங்கும் நேரத்தில் எழுந்து நிற்கிறேன். பெயர் வாசித்து முடித்ததும் உட்கார்ந்துகொள்கிறேன்.

திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எழுது.

புகழேந்தி


தஞ்சாவூர்
4.11.2023

அண்ணனுக்கு,

வணங்குகிறேன். நலமென்று எழுதும் தகுதியை இழந்துவிட்டேன். தாங்கள் நலமா என்று கேட்கவும் கூசுகிறது.

தட்டி அங்கே இருந்ததை நான் பார்க்கவில்லை. இதை நம்புவீர்களா என்று தெரியவில்லை. நம் கருவியின் கண்வழிப் பார்க்கும்போது துளை எப்போதும் அகலத் திறந்தே இருக்கும். எந்த எண்ணை வைத்தாலும் படம் விழும் அந்த நொடியில்தான் அது சுருங்கும். ஆகவே என் கண்ணுக்கு இளநீர்க்காரர் மட்டுமே தெளிவாகத் தெரிந்தார். பின்னால் வழக்கம்போல ஏதோ வண்ணக் கரைசல். திருமணம் முடிந்து மூன்றாம் நாள் அது. தட்டிகளை எல்லாம் கழற்றியாயிற்று என்றார்கள்; ஒன்று விட்டுப்போயிருக்கிறது. கழுவிய படத்தையும் நான் உற்றுப் பார்க்கவில்லை. மறைப்பதில் முனைந்திருந்தவன் எதை மறைக்கிறோம் என்பதைப் பார்க்க மறந்துவிட்டேன்.

இனிச் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டே நிலா தோழியரிடம் அப்பா இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு அது பிறகே தெரியும். கேட்டேன்.

"அப்பா செத்துட்டாருன்னு சொன்னா பாவமாப் பாக்குறாங்க சித்தப்பா. ஜெயில்ல இருக்காருன்னு சொன்னா நானே போயி தீ வச்ச மாதிரி பாக்குறாங்க. நான் எதச் சொல்றது, நீங்களே சொல்லுங்க."

அன்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததை அவள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டாள்.

அறிவுச்செல்வன் நல்ல பிள்ளை. சீர்காழிப் பக்கம் நிலமுள்ள குடும்பம். அவரும் அந்தச் சொல்லை நம்பித்தான் வந்தார். பெண் கேட்டு வந்தபோது அவர் தாயார், "தாயும் இல்ல, தகப்பனும் இல்ல, நீங்கதான் வளத்தீங்களாம்ல" என்று என் கையைப் பிடித்துக் கண் கலங்கினார். அந்தக் கையை நான் இழுத்துக்கொள்ளவில்லை அண்ணா. அன்று மாலை நிலா என் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒரு தடவ சித்தப்பா. இந்த ஒரு தடவ மட்டும் வாயத் திறக்காதீங்க."

மணமகனின் தோழர்கள் தட்டிக்குப் பெற்றோர் படம் கேட்டார்கள். அண்ணியின் படத்தை நிலா கொடுத்தாள். தங்கள் படத்தை என்னிடம் கேட்டாள். என்னிடம் இருந்தது ஒன்றுதான்: மன்னார்குடி மாநாட்டில், கையை உயர்த்தித் தாங்கள் முழங்கியபோது இரவல் கருவியால் நான் எடுத்தது. அந்தக் கையை நான்தான் வெட்டி நீக்கினேன். தட்டி அச்சிடும் கடையில் கணினி முன் இருந்தவர், "எறந்தவருக்கு வாய் தொறந்திருந்தா நல்லா இருக்காதுண்ணே, மூடிரட்டா?" என்று கேட்டார்.

மூடுங்கள் என்றேன்.

தாங்கள் கேட்ட கேள்விக்கு மறுமொழி அதுதான்.

மேட்டூரை மூடிவிட்டார்கள். கடைமடைக் குறுவை காய்ந்துவிட்டது. புரட்டாசியிலிருந்து கருவியை நான் தொடவில்லை.

என்னை என்ன சொன்னாலும் ஏற்பேன்.

பகலவன்


பாளையங்கோட்டை
5.12.2023

அன்புத் தம்பிக்கு,

நலமே. நீ உண்டாயா, உறங்குகிறாயா என்று கலைமகளைக் கேட்டால்தான் உண்மை தெரியும். அவளை ஒரு வரி எழுதச் சொல்.

உன் மடலைப் பன்னிரண்டு முறை படித்தேன். சினம் வரும் என்று ஒவ்வொரு முறையும் காத்திருந்தேன். வரவில்லை.

சாமிதுரைக்கு ஒரு மகள் இருந்தாள். வழக்கு மன்றத்தில் கடைசி வரிசையில், பள்ளிச் சீருடையோடு வந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் இந்நேரம் திருமணம் ஆகியிருக்கும். அவள் திருமணத் தட்டியிலும் மேலே ஒரு வட்டம் இருந்திருக்கும். அந்த வட்டத்தில் பொய் இருந்திருக்காது. இதை எண்ணிய பிறகு உன்னிடம் சினம் கொள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

வாழ்த்துரையை ஒரு முறையாவது சொல்லிப் பார்ப்போம் என்று நேற்று சலவைத் தொட்டியருகே யாருமில்லாத நேரத்தில் நின்றேன். "அவையோரே" என்றேன். காற்றுதான் வந்தது. பதினோராண்டு பூட்டிவைத்தது உள்ளேயே துருப்பிடித்துப் போயிருக்கிறது. பதினான்கு பக்கத்தையும் தொட்டி நீரில் ஊறவைத்துப் பிசைந்துவிட்டேன். கொளுத்தவில்லை. கொளுத்துவதை விட்டு நெடுநாளாயிற்று.

இனிக் கருத்தோடு படி. நன்னடத்தை அலுவலர் தைக்குள் வருவார். ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்பார். இயலாது என்று சொல். காரணம் கேட்டால், குடும்ப மானம் என்று சொல். அவர்களுக்கு அது பழகிய சொல். ஒப்பமிட்டுக் கொடு. நான் வந்தால் என் மகள் பொய்க்காரியாக நிற்பாள். நான் வராவிட்டால் அவள் தகப்பனில்லாத பெண், அவ்வளவுதான். ஒரு பெண்ணை நான் முன்பே தகப்பனில்லாதவள் ஆக்கியிருக்கிறேன். இன்னொருத்தியைப் பொய்க்காரியும் ஆக்கவேண்டா.

மறுக்காதே. உன்னிடம் கேட்டு எதையும் நான் பெற்றதில்லை, இதையாவது தா.

படங்கள் அனுப்புவதை நிறுத்தாதே. ஆனால் முக்காலி வேண்டா. துளையைப் பழையபடி அகலத் திறந்துவிடு. முன்னால் நிற்பவர் மட்டும் தெரிந்தால் போதும். பின்னால் என்ன என்று இனி நான் கேட்கமாட்டேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

அண்ணன் புகழேந்தி


தஞ்சாவூர்
19.1.2024

அன்பு அண்ணனுக்கு,

வணக்கம். நான் உண்கிறேன் என்று கலைமகள் எழுதச் சொன்னாள். உறக்கத்தைப் பற்றி எழுத வேண்டா என்றாள்.

நிலாவும் மாப்பிள்ளையும் தலைப்பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்தார்கள். நேற்று காலை மாப்பிள்ளை கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில் அலுவலர் வந்தார். வாசல் வேம்படியிலேயே நாற்காலி போட்டேன். நல்ல மனிதர். கோப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில்தான் கேட்டார்.

"வயசாயிடுச்சுங்க அவருக்கு. நடத்தையெல்லாம் நல்லா எழுதியிருக்காங்க. கூட்டி வச்சுக்குவீங்கதானே?"

"முடியாதுங்க."

"கூடப் பொறந்தவரு சார். யோசிச்சுச் சொல்லுங்க. நான் இன்னொரு நாள் வேணும்னாலும் வர்றேன்."

"இல்லங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

அவர் காட்டிய இடத்தில் போட்டேன். எழுந்து திரும்பினால், சருக்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு நிலா நிலைப்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. யார் வந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு, மின் அளவி பற்றிப் பேச வந்தவர் என்று ஒரு பொய்யை எடுத்துவைத்திருந்தேன். கிண்ணத்தை அலுவலர் கையில் கொடுத்தாள். "சாப்டுட்டுப் போங்க சார்" என்றாள். அவர் உண்டு முடிக்கும்வரை அங்கேயே தலைகுனிந்து நின்றாள். பிறகு உள்ளே போய், டப்பாவில் கிடந்த என் கருவியை எடுத்து வந்து நீட்டினாள்.

"எடுங்க சித்தப்பா."

"உனக்குத்தான் பிடிக்காதேம்மா."

"எடுங்கன்னா எடுங்க. மூஞ்சி மட்டும் தெரிஞ்சாப் போதும்."

ஐம்பது எண் வில்லைதான். துளையை அகலத் திறந்து எடுத்தேன். கண்ணை நேராக வைத்து, இமைக்காமல் பார்த்தாள். இத்துடன் அனுப்புகிறேன். யாருக்கு என்று நான் அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

பின்னால் என்ன என்று கேட்கமாட்டேன் என எழுதியிருந்தீர்கள். ஆயினும் இனித் தங்களிடம் எதையும் மறைப்பதாக இல்லை. நிலாவின் இடது தோளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கறை தெரியும். கழுவும்போது பட்ட அழுக்கன்று. அலுவலர்தான், நான் ஒப்பமிட்ட கோப்பை வண்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.

தங்கள் தம்பி,
பகலவன்